பழைய லேப்டாப்பை எடைக்குப் போடுமுன் ஒரு பென்டிரைவ் சோதனை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அதன் பிறகு கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று நம் பக்கத்து ஊர்களில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதிலைத்தான் கேட்டிருப்பார்கள். "இதுல பதினொன்னு ஏறாதுங்க, புதுசு எடுத்துக்கங்க" என்பது ஒன்று. "ஏத்திக் குடுத்தர்லாமுங்க, சாயங்காலம் வாங்க" என்பது மற்றொன்று. முதல் பதில் பாதி உண்மை. இரண்டாவது பதிலில் சொல்லாமல் விட்டதுதான் அதிகம். காசு கொடுப்பதற்கு முன் வாசகர்கள் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதற்காக இந்தக் கடிதம்.

விண்டோஸ் 11 ஒரு கணினியை மறுப்பதற்கும் அதன் வேகத்துக்கும் பெரிய தொடர்பில்லை. ரேம் 4 ஜிபி, டிஸ்க் 64 ஜிபி இருந்தால் போதும் என்கிறார்கள். ஆனால் இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறையில் இருந்து, ஏஎம்டி என்றால் டெஸ்க்டாப்பில் ரைசன் 2000, லேப்டாப்பில் ஏறக்குறைய ரைசன் 3000 வரிசையில் இருந்து இருக்க வேண்டும். கூடவே யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடக்கிவைக்கும் புதிய முறை), செக்யூர் பூட் (கையெழுத்திட்ட ஓஎஸ்ஸை மட்டும் தொடங்கவிடும் காவல்), டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லு) மூன்றும் வேண்டும். அதனால் 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் போட்ட 7-ஆம் தலைமுறை ஐ7 தேறாமல் போகிறது. 4 ஜிபி ரேமில் தவழும் செலரான் என்4000 தேறிவிடுகிறது!

இதில் முதலில் ஏமாறுபவர்கள் 2018-க்குப் பிறகு வாங்கியவர்கள். அவர்களது கணினியில் டிபிஎம் இருக்கும். பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில், அணைந்து கிடக்கும். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'டிவைஸ் செக்யூரிட்டி' பக்கத்தைத் திறந்து 'செக்யூரிட்டி பிராசஸர்' என்று ஒரு பகுதி தெரிகிறதா, அதற்குள் ஸ்பெசிஃபிகேஷன் 2.0 என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பயாஸில் இன்டெல் கணினிக்கு 'பிடிடி', ஏஎம்டி கணினிக்கு 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் இருப்பதை 'எனேபிள்' செய்தாலே போதும். கடைக்காரர் முன்பு 'லெகஸி' என்ற பழைய பூட் முறையில் விண்டோஸ் போட்டுக் கொடுத்திருந்தால் மட்டும் கவனம். பயாஸில் நேராக யுஇஎஃப்ஐக்கு மாற்றினால் 'பூட் டிவைஸ் இல்லை' என்று நின்றுவிடும். விண்டோஸ் 10-லேயே இருக்கும் 'எம்பிஆர்2ஜிபிடி' கருவியால் டிஸ்கை முதலில் மாற்றிவிட்டுப் பிறகு பயாஸில் கை வைக்க வேண்டும். டிஸ்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன் இருந்தால் அந்தக் கருவி மறுக்கும். ஒன்றைக் காலி செய்தாக வேண்டும்.

அடுத்து, 'ஏத்திக் குடுத்தர்லாமுங்க' ரகம். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் பென்டிரைவ் தயாரிக்கும்போது ரேம், செக்யூர் பூட், டிபிஎம் சோதனைகளை நீக்கும் ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் 6, 7-ஆம் தலைமுறைக் கணினிகளில் விண்டோஸ் 11 ஏறிவிடும், ஓடவும் ஓடும். அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் இப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் தருவதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்பதில்லை. மாதாந்திரத் திருத்தங்கள் பெரும்பாலும் வந்துகொண்டிருக்கும். ஆண்டுக்கொருமுறை வரும் புதிய பதிப்பு தானாக வராது. ஹோம், புரோ இரண்டிலும் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் 24 மாதம். அது முடிந்ததும் மாதாந்திரத் திருத்தமும் நின்றுவிடும். அப்போது மறுபடி பென்டிரைவ் தயாரித்துக் கையால் ஏற்ற வேண்டும். இதைச் சொல்லாமல் பில் போடுவது சரியல்ல. கோர் 2 டுவோ காலத்துக் கணினிகளில் இந்த வித்தையும் செல்லாது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு எதிர்பார்க்கும் சில கட்டளைகள் அந்த பிராசஸரிலேயே கிடையாது, அதனால் பூட்டே ஆகாது.

மூன்றாவது வழி, விண்டோஸுக்குப் பதிலாக இலவச ஓஎஸ்ஸான லினக்ஸ். இது நமக்குப் புதிதும் அல்ல. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்துதான் வந்தது. 'இடத்தை அடைக்குது' என்று அதை அழித்த வீடுகள்தான் அதிகம். இன்று 4 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு லினக்ஸ் மின்ட் 22 வரிசையின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு சரியாக இருக்கும். 2029 வரை திருத்தங்கள் வரும். 2 ஜிபி என்றால் ஆன்டிஎக்ஸ் போன்ற ஒல்லியான ஒன்று ஓடும், ஆனால் பிரவுசரில் நான்கு டேப் திறந்தால் மூச்சு வாங்கும். 32-பிட் மட்டுமே ஏற்கும் பழைய பிராசஸர் என்றால் வங்கி வேலைக்கு வேண்டவே வேண்டாம். 32-பிட் லினக்ஸுக்கான குரோம் 2016-லேயே நின்றது. பயர்பாக்ஸும் 144-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது.

யாருக்கு லினக்ஸ் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டேலி ஓடும் கணக்குக் கணினி, கோரல்டிரா வைத்திருக்கும் ஸ்டிக்கர் கடை, பாமினி எழுத்துருவில் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை வைத்திருக்கும் அச்சகம், இவர்கள் விண்டோஸில் இருப்பதே நல்லது. ஜிஎஸ்டி மட்டும் என்றால் யோசிக்கலாம். கம்பெனிகளும் எல்எல்பிகளும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் செருகித்தான் தாக்கல் செய்ய வேண்டும்; அந்த டோக்கனின் டிரைவரை (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளை) லினக்ஸில் ஓட்டுவது தலைவலி. தனி உரிமையாளரும் பார்ட்னர்ஷிப்பும் மொபைல் ஓடிபியில் முடித்துக்கொள்ளலாம் என்பதால் எந்த பிரவுசரும் போதும். சங்ககிரி, நாமக்கல் லாரி ஆபீஸ்களில் ஈ-வே பில் எடுப்பதும் வெறும் பிரவுசர் வேலைதான்.

இனி சோதனை. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். ஓஎஸ் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை மின்ட்டின் சொந்தத் தளத்தில் இருந்து இறக்கி, கோப்பு முழுதாக இறங்கியதா என்று அங்கேயே கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியில் அறுந்த டவுன்லோடுதான் 'இன்ஸ்டால் பாதியில் நிற்குது' என்ற புகாரில் பெரும்பங்கு. பென்டிரைவில் எழுதியபின் கணினியை அதிலிருந்து பூட் செய்தால் டிஸ்கைத் தொடாமலே முழு டெஸ்க்டாப்பும் வரும். பூட் மெனுவுக்கு டெல், லெனோவோ இரண்டிலும் எஃப்12; எச்பியில் எஃப்9. ஏசரிலும் எஃப்12 தான், ஆனால் பயாஸின் 'மெயின்' பக்கத்தில் அதை முதலில் 'எனேபிள்' செய்ய வேண்டும். பயாஸில் எதையும் மாற்றுவதற்கு முன் விண்டோஸில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது 'டிவைஸ் என்கிரிப்ஷன்' ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் 48 இலக்க ரெகவரி கீயை எழுதி வைக்காமல் செக்யூர் பூட்டைத் தொடாதீர்கள். கீ இல்லாமல் பூட்டிக்கொண்ட டிஸ்கை எந்தக் கடையும் திறந்து தர முடியாது.

டெஸ்க்டாப் வந்ததும் அரை மணி நேரம் செலவழியுங்கள். வைஃபை பிடிக்கிறதா, அடுத்த அறைக்குப் போனாலும் நிற்கிறதா? யூடியூபில் சத்தம் வருகிறதா? பிரைட்னஸ் கீ வேலை செய்கிறதா? மூடியைச் சாத்தித் திறந்தால் திரை மீள்கிறதா? கேமரா, டச்பேட், இயர்போன், உங்கள் பிரிண்டர், இவற்றையும் பாருங்கள். இதில் தேறினால் இன்ஸ்டால் செய்தபின் திடுக்கிடும் வேலை அநேகமாக இருக்காது.

தகராறு செய்வதில் முதலிடம் வைஃபைக்கு. பல டெல், எச்பி, லெனோவோ கணினிகளில் இருக்கும் பிராட்காம் 43142 வைஃபை கார்டுக்கு லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் டிரைவர் கிடையாது. தனியாக இறக்க வேண்டும். இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். இந்தச் சுற்றில் மாட்டாமலிருக்க ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் செருகி 'யூஎஸ்பி டெத்தரிங்' போடுங்கள். லினக்ஸ் அதை வயர் இணைப்பாக உடனே எடுத்துக்கொள்ளும். பிறகு 'டிரைவர் மேனேஜர்' திறந்து பிராட்காமைத் தேர்ந்தெடுத்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் இங்கே ஒரு கண்ணி உண்டு. டிரைவர் இறங்கும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வரும். அதில் 'என்ரோல் மோக்' தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். என்னவோ ஏதோ என்று என்டரைத் தட்டினாலோ, பத்து வினாடி சும்மா இருந்தாலோ திரை கடந்துவிடும். டிரைவர் ஏறியும் வைஃபை வராது, காரணமும் தெரியாது.

ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ கார்டின் கோளாறு வேறு மாதிரி. ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் சிக்னல் முழுதாகத் தெரியும். ஐந்தடி நகர்ந்தால் காணாமல் போகும். பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால் காரணம் புரியும். கார்டில் ஆன்டெனாவுக்கு இரண்டு முனைகள் இருக்கும். விலை குறைந்த மாடல்களில் ஒரே ஒரு ஒயரைத்தான் மாட்டியிருப்பார்கள். எந்த முனையில் ஒயர் இருக்கிறது என்பதை விண்டோஸ் டிரைவர் சரியாக அறிந்துகொள்கிறது; லினக்ஸ் டிரைவர் தவறாக ஊகித்து வெறும் முனையில் காதை வைத்துக்கொண்டிருக்கிறது. டிரைவர் அமைப்புகள் இருக்கும் மோட்புரோப் கோப்புறையில் டிரைவர் பெயரில் சிறு கோப்பு ஒன்றை வைத்து அதில் எந்த ஆன்டெனா முனை என்று சொல்லும் 'ஆன்ட்-செல்' மதிப்பை 2 என்று கொடுங்கள், எடுபடாவிட்டால் 1. ரீஸ்டார்ட் செய்தால் வீடு முழுக்க சிக்னல் கிடைக்கும். இந்த ஒரு வரிக்காகக் கார்டையே மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். மாற்றுவதிலும் வம்பு உண்டு. பழைய எச்பியிலும் லெனோவோவிலும் தாங்கள் அனுமதித்த கார்டைத் தவிர வேறு செருகினால் பூட்டே ஆகாமல் முறையே 104, 1802 என்று பிழை எண் காட்டி நிற்கும். அப்படிப்பட்ட கணினிக்குச் சின்ன யூஎஸ்பி வைஃபை டாங்கிள்தான் மருந்து.

திரை கறுத்து நிற்பது அடுத்தது. பூட் மெனுவில் 'இ' தட்டி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்று சேர்த்து எஃப்10 அழுத்தினால் படம் வரும். பல கடைகளில் வேலை இத்தோடு முடிகிறது, அதுதான் தவறு. அந்தச் சொல் கிராபிக்ஸ் டிரைவரை ஒதுக்கிவைத்துவிட்டு வெறும் படத்தை மட்டும் காட்டுகிறது. அதை நிரந்தரமாக விட்டால் வீடியோ இழுக்கும், பிரைட்னஸ் மாறாது, பிராசஸர் கொதிக்கும். அதை உள்ளே நுழைய மட்டும் பயன்படுத்தி, அப்டேட் செய்து, என்விடியா கிராபிக்ஸ் சில்லு இருந்தால் டிரைவர் மேனேஜரில் உரியதைப் போட்டபின் நீக்கிவிட வேண்டும். ஜிடி 500 வரிசை போன்ற பழைய என்விடியாவுக்கு இப்போதைய பதிப்புகளில் நிறுவன டிரைவர் இல்லை. கெர்னலோடு வரும் 'நோவோ' டிரைவரோடு சமாளிக்க வேண்டியதுதான்.

இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்கே தெரியவில்லை என்றால் பயாஸில் டிஸ்க் இணையும் முறையைச் சொல்லும் 'சாட்டா மோடு' ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருக்கும். அதை ஏஎச்சிஐ ஆக்க வேண்டும். ஏசரில் அந்த வரியே மறைந்திருக்கும். 'மெயின்' பக்கத்தில் கன்ட்ரோலோடு எஸ் அழுத்தினால் எட்டிப் பார்க்கும். அதே ஏசரில் செக்யூர் பூட் வரி மங்கலாக இருந்தால் 'செக்யூரிட்டி' பக்கத்தில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வைத்த பிறகே அது திறக்கும். வேலை முடிந்ததும் அந்தப் பாஸ்வேர்டை நீக்கிவிடுங்கள், மறந்தால் பெரும்பாடு. விண்டோஸையும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் ஏஎச்சிஐக்கு மாற்றும் முன் விண்டோஸை ஒருமுறை சேஃப் மோடுக்குத் தயார்செய்துவிட்டு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நீலத் திரைதான். ஹார்டு டிஸ்கை வேகப்படுத்த 16 ஜிபி இன்டெல் ஆப்டேன் துண்டும் சேர்ந்து வந்த மாடல்களில் ஆப்டேனை விண்டோஸுக்குள்ளேயே முதலில் பிரித்துவிடுங்கள். தவறினால் டேட்டா போகும்.

இன்ஸ்டால் முடிந்தும் எச்பி நேராக விண்டோஸுக்கே போனால் பயப்பட வேண்டாம். எஃப்9 மெனுவில் இஎஃப்ஐ கோப்பைத் தேர்ந்தெடுக்கும் வழியில் போய் 'உபுண்டு' கோப்புறைக்குள் இருக்கும் 'ஷிம்' கோப்பைத் தேர்ந்தெடுங்கள். மின்ட் போட்டிருந்தாலும் கோப்புறையின் பெயர் உபுண்டுதான். அதைத் தெரியாமல் மூன்று முறை ஃபார்மேட் செய்பவர்கள் உண்டு.

இரண்டு ஓஎஸ்ஸும் வைத்தவர்களுக்கு ஒரு நூதனப் பிரச்சினை: லினக்ஸில் இருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கி இருக்கும். கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் இந்திய நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாக எழுதுகிறது. லினக்ஸில் அந்தக் கடிகாரத்தை உள்ளூர் நேரமாக வைக்கச் சொல்லும் 'லோக்கல் ஆர்டிசி' அமைப்பை 1 ஆக்கினால் இரண்டும் ஒத்துப்போகும். தேதியே பல ஆண்டு பின்னால் போய், எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று வந்தால் அது ஓஎஸ் கோளாறே அல்ல. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் செத்திருக்கும்.

பிரிண்டரைப் பற்றிச் சொல்லாவிட்டால் கடிதம் முழுமையாகாது. எச்பி லேசர்ஜெட் 1020 இல்லாத ஆபீஸ் நம் பக்கம் குறைவு. அந்த பிரிண்டருக்குச் சொந்த ஃபர்ம்வேர் (அதை இயக்கும் உள் மென்பொருள்) கிடையாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் அனுப்ப வேண்டும். லினக்ஸில் எச்பி பிரிண்டர்களுக்கான 'எச்பிலிப்' மென்பொருள் இருந்தாலும் அதன் 'பிளக்இன்'னைத் தனியாக இறக்காவிட்டால் பிரிண்ட் கொடுத்தது போலிருக்கும், தாள் நகராது. லினக்ஸ் பதிப்பை உயர்த்தும்போது பிளக்இன்னையும் மறுபடி இறக்க வேண்டும். கேனான் எல்பிபி2900 வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை, அதற்காகவே ஒரு விண்டோஸ் கணினியை விட்டுவையுங்கள். லினக்ஸில் அதை ஓட்ட முடியும், ஆனால் ஒவ்வொரு அப்டேட்டிலும் மல்லுக்கட்ட வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒன்று கோவையில் கணபதி, குறிச்சி பக்கத்துப் பட்டறைகளில் நடக்கிறது. சிஎன்சி மெஷினுக்கு புரோகிராம் அனுப்பும் யூஎஸ்பி-சீரியல் கேபிள்களில் பல பழைய பிஎல்2303 சில்லு கொண்டவை. விண்டோஸ் 11-ன் டிரைவர் அவற்றை '2012-லேயே நிறுத்தப்பட்டது' என்று சொல்லி மறுக்கிறது. கேபிள் போச்சு என்று தூக்கிப் போடுகிறார்கள். அதே கேபிளை லினக்ஸ் கணினியில் செருகினால் டிரைவரே போடாமல் வேலை செய்யும். பயனரை, சீரியல் கேபிளைப் பயன்படுத்த அனுமதி உள்ள 'டயல்அவுட்' குழுவில் சேர்த்துவிட்டு ஒருமுறை லாக்அவுட் செய்து வந்தால் போதும். சிஎச்340 சில்லு உள்ள கேபிள் செருகிய மறுகணம் மறைந்தால், பிரெயில் கருவிகளுக்கான 'பிஆர்எல்டிடிஒய்' அதைத் தன் கருவி என்று நினைத்துப் பறித்துக்கொண்டிருக்கும். அதை நீக்குங்கள். மெஷினோடு பேசும் கணினியை இன்டர்நெட்டில் இணைக்காமல் வைத்திருந்தால் அதில் எந்தப் பழைய ஓஎஸ் இருந்தாலும் அவசரப்பட வேண்டியதில்லை.

செலவு செய்வதென்றால் முதலில் எஸ்எஸ்டி, பிறகு ரேம். ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி 240 ஜிபி போட்டால் 2013 லேப்டாப்பும் நிமிர்ந்துவிடும். சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான எம்.2 துளை இருக்கிறதே என்று என்விஎம்இ ரக எஸ்எஸ்டி வாங்கிவிடாதீர்கள். 5, 6-ஆம் தலைமுறைக் கணினிகள் பலவற்றில் அந்தத் துளை சாட்டாவுக்கு மட்டும்தான். ரேமில் 4-ஆம் தலைமுறை லேப்டாப்களுக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வேண்டும். பழைய 1.5 வோல்ட் ரேமைச் செருகினால் திரை வராது, கடைக்காரர் மதர்போர்டு போச்சு என்பார். பேட்டரி உப்பி டச்பேடை மேலே தூக்கியிருந்தால் ஓஎஸ் வேலையைத் தள்ளிவைத்து அதைக் கழற்றுங்கள்.

சர்வீஸ் கடைகளுக்கு ஒரு வேண்டுகோள். பில்லில் 'ஓஎஸ் இன்ஸ்டலேஷன்' என்று ஒற்றை வரியோடு விடாமல், எந்தப் பதிப்பு, சோதனைகளைத் தாண்டிப் போட்டதா இல்லையா, லைசென்ஸ் அசலா, பயாஸில் எதை மாற்றினோம், இவற்றையும் எழுதிக் கொடுங்கள். கிராக் ஆக்டிவேட்டர் போட்ட கணினியில் ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் வங்கிக் கணக்கும் திறப்பவர், தான் என்ன ஆபத்தில் இருக்கிறோம் என்று தெரிந்தாவது திறக்கட்டும். வாங்குபவர்களும் இதைக் கேட்டு வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் லேப்டாப்பை விட்டுவிட்டு வராதீர்கள்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்கும் தொழிலில் உள்ள வாசகர்,
ஈரோடு